ஆம்னி வேனில் டெம்பரேச்சர் முள் சரியாகக் காட்டவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ஆம்னியில் டெம்பரேச்சர் மீட்டர் மக்கர் செய்தால் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கிறது. "மீட்டர்தானே, விடுங்க" என்று வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் சென்சார், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசு செலவானபிறகும் முள் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். ஒரு முழ வயர், ஒரு மல்டிமீட்டர், அரை மணி நேரம் இருந்தால் இந்த இரண்டுமே தேவையில்லை.

மற்ற வண்டிகளைவிட ஆம்னிக்கு இந்த மீட்டர் முக்கியம். 796 சிசி இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, ரேடியேட்டரோ முன்பக்கம். கார் என்றால் பானட் இடுக்கில் ஆவி கிளம்புவது கண்ணுக்குத் தெரியும். இங்கே அந்த வாய்ப்பு குறைவு. "சீட்டுக்கு அடியில் சூடாக இருக்கிறது" என்பதும் அறிகுறி ஆகாது. அது எப்போதுமே சூடுதான். முள் ஒன்றுதான் கண். இன்ஜினின் மேல் மூடியான அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டோடு நிற்காது, ஹெட்டே வளைந்து லேத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

முதலில் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாவி போட்டதும் ஃபியூஸ் வழியாக மீட்டருக்குக் கரண்ட் வருகிறது. மீட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் இன்ஜினில் உள்ள சென்சாருக்குப் போகிறது. சென்சாரின் பித்தளை உடம்பு இன்ஜினில் திருகியிருப்பதால் அதுவே எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) சூடாக ஆக சென்சாரின் தடை குறையும், மீட்டர் வழியாக ஓடும் கரண்ட் கூடும், முள் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி தானாக வரும்: வயர் அறுந்தால் முள் 'சி'யில் (C, குளிர்ச்சி) படுத்துவிடும், வயர் பாடியில் உரசி எர்த் ஆனால் 'ஹெச்'சுக்குப் (H, சூடு) போய்விடும்.

எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும்) வண்டியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் இசியூவுக்கென்று (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இன்னொரு சென்சார் உண்டு. அதன் கப்ளரில் (வயர் மாட்டும் பிளக்) இரண்டு வயர் இருக்கும். மீட்டர் சென்சாருக்கு ஒரு வயர்தான். கீழே வரும் எர்த் சோதனை ஒரு வயர் சென்சாருக்கு மட்டும். இரண்டு வயர் கப்ளரைக் கழற்றி எர்த் கொடுப்பது, 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். போனால் இசியூ போகும். பக்கத்தில் ஃபேன் சுவிட்சின் வயரும் இருக்கலாம். குழப்பமாக இருந்தால் இன்ஜின் சூடாகி முள் நடுவில் நிற்கும்போது வயரைக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் முள் இறங்குகிறதோ அதுதான் மீட்டர் சென்சார்.

எதையும் கழற்றுவதற்கு முன்: சூடு நிஜமா?

மீட்டரைச் சந்தேகிக்கும் முன் இன்ஜின் சூட்டைத் தனியாக அளந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கீழே இறங்கினால் பிறகு செய்கிற எதற்கும் அர்த்தம் இல்லை.

வண்டி ஆறியிருக்கும்போது, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் டேங்கில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மூடியின் ரப்பர் போயிருந்தால் டேங்கில் தண்ணீர் நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் வெறும் தண்ணீர்கூட உள்ளே 115 டிகிரி தாண்டிய பிறகுதான் கொதிக்கும். மூடியைத் தளர்த்திய அந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

தண்ணீர் மட்டத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்சாரின் நுனி கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் அது சரியாக அளக்கும். தண்ணீர் கசிந்து மட்டம் இறங்கிவிட்டால் நுனி வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் மெதுவாகக் கீழே இறங்கும், இன்ஜினோ வெந்துகொண்டிருக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் இருந்த முள் காரணமில்லாமல் இறங்கினால் "ஆறிவிட்டது" என்று நிம்மதி அடையாமல் ஓரங்கட்டி நிறுத்துங்கள். மேலே ஏறிய முள்ளைவிட இப்படி இறங்கிய முள்ளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

மட்டம் சரியாக இருக்கிறதென்றால் இன்ஜினை ஓடவிட்டு அளக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் பலர் அதைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அடித்துவிட்டு "60 டிகிரிதான் காட்டுகிறது" என்கிறார்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துத்தான் காட்டும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடான பிறகு கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் கிட்டத்தில் பிடித்து அடியுங்கள். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். நன்றாகச் சூடேறிய இன்ஜினில் 80 முதல் 95 வரை காட்டினால் இன்ஜினில் கோளாறு இல்லை, முள் எங்கே நின்றாலும் சரி. எம்பிஎஃப்ஐ வண்டியில் ஓபிடி வசதி (ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) இருந்தால் ஸ்கேனரை மாட்டி இசியூ காட்டும் டிகிரியைப் பார்த்துவிடலாம். அது தனி சென்சார் என்பதால் மீட்டருக்கு எதிர் சாட்சி மாதிரி உதவும்.

முள் 'சி'யை விட்டு எழவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். சீட்டைத் தூக்கி, மூடியை எடுத்து, சென்சார் வயரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை (மீட்டர் லைட்டுக்குப் போடும் 3.4 வாட் பல்பு போதும்) அந்த வயருக்கும் இன்ஜின் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பிடியுங்கள். பல்பு இல்லாமல் வயரை நேராக எர்த்தில் தொடுவதும் வழக்கத்தில் உண்டு. அப்படிச் செய்தால் முள் கிளம்பிய உடனே எடுத்துவிட வேண்டும். பிடித்தே வைத்திருந்தால் மீட்டருக்குள் இருக்கும் சூட்டுக் கம்பி கருகிவிடும். நல்ல மீட்டரைக் கெடுப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

முள் அசைந்து மேலே ஏறுகிறதா என்று உள்ளே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ரக மீட்டரில் முள் சட்டென்று குதிக்காது. சில நொடி யோசித்துவிட்டு ஒரே சீராக நகரும். ஏறிவிட்டால் ஃபியூஸ், மீட்டர், வயர் மூன்றும் சரி. கோளாறு சென்சாரில், அல்லது அதன் எர்த்தில்.

எர்த் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கசிகிறது என்று யாரோ சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, மேலே எம்-சீலும் அப்பியிருப்பார்கள். கசிவு நின்றிருக்கும், முள்ளும் நின்றிருக்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து சென்சாரின் பித்தளை உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் தொட்டுப் பாருங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் மரையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பல்பு வைத்தும் முள் அசையவில்லை என்றால் சென்சாரை மறந்துவிடுங்கள். ஃபியூஸைப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்க்காமல் டெஸ்ட் லேம்ப் வைத்து இரண்டு பக்கமும் எரிகிறதா என்று. ஃபியூயல் முள், சார்ஜ் லைட் எல்லாம் வேலை செய்தால் ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கும். அடுத்து, கழற்றிய வயரில் வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வரவில்லை என்றால் வயர் நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது மீட்டருக்குப் பின்னால் கப்ளர் கழன்றிருக்கிறது. ஆம்னியில் இன்ஜின் தரைக்கு அடியில் இருப்பதால் மழைத் தண்ணீரும் சேறும் நேராகக் கப்ளர்களில் அடிக்கும். வெளியே இன்சுலேஷன் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும். சந்தேகமான இடத்தில் வயரை இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். அறுந்த இடம் மட்டும் துவண்டு மடங்கும்.

வோல்ட் வருகிறது, பல்பு மங்கலாகவாவது எரிகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் மீட்டர்தான் போய்விட்டது.

முள் எழுகிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது

இதில் பெரும்பாலும் மீட்டர் மேல் தப்பே இருக்காது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது, நம் ஊரில் சகஜமாக நடப்பது போல, அது இருக்கவே இருக்காது. "அண்ணே, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு மூடியை மாட்டிவிடுவார்கள். ட்ராஃபிக்கில் முள் ஓரளவு ஏறும், நெடுஞ்சாலையில் 60-ஐத் தாண்டினால் இறங்கிவிடும். முள் உண்மையைத்தான் சொல்கிறது, இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், எம்பிஎஃப்ஐயில் இசியூ "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும், ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் நிறத்தில் கசடு ஒட்டியிருக்கும். (இதே கசடு கேஸ்கெட் போனாலும் வரும் என்பதால் பலர் பயந்து ஹெட்டைப் பிரித்துவிடுகிறார்கள்.) காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் கழித்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் இன்ஜின் சூடாகும் வரை ஹோஸ் குளிர்ச்சியாக இருந்து, திறக்கும்போது சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து வெதுவெதுப்பாக ஏறிக்கொண்டே போனால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்து கிடக்கிறது.

சாவி போட்டதும் முள் 'ஹெச்'சுக்கு ஓடுகிறது

இன்ஜின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போதே முள் மேலே போனால் அது சூடு இல்லை, கரண்ட். சென்சார் வயரைக் கழற்றுங்கள். முள் கீழே விழுந்தால் சென்சார் உள்ளே ஷார்ட். விழாமல் அங்கேயே நின்றால் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் எங்கோ வயர் பாடியில் உரசுகிறது. சீட் அடியில் மூடித் தகட்டின் விளிம்பு, ஹேண்ட் பிரேக் கேபிள் போகும் பாதை, பின்னாளில் ஸ்டீரியோ மாட்டியவர்கள் திருகு முடுக்கிய இடங்கள், எல்லாவற்றையும் பாருங்கள். மீட்டர் போர்டின் பின்னால் கப்ளரையும் கழற்றி, வயரின் இரண்டு முனையும் எதிலும் தொடாதபோது வயருக்கும் பாடிக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த வயரைத் தேடித் துழாவி நேரத்தை வீணாக்காமல் புது வயர் ஒன்று இழுத்துவிடுவதே சுலபம். ஒரே வயர்தானே.

முள் துடிக்கிறது, குதிக்கிறது

இரவில் ஹெட்லைட் போட்டுவிட்டு இன்டிகேட்டரையும் போடுங்கள். இன்டிகேட்டர் மின்னும் தாளத்துக்கே முள்ளும் லேசாகத் துடித்தால், மீட்டர் போர்டின் எர்த்தோ, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையோ மோசம். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை ஒன்றுதான் அதற்கு வழி. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில், இன்னொன்றை பேட்டரி நெகட்டிவில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றி இரண்டு முனையையும் எமரி பேப்பரால் தேய்த்து மாட்ட வேண்டும். செல்ஃப் மந்தமாக இருக்கிறது என்ற பழைய புகாரும் பாதி நேரம் இதோடு சேர்ந்து தீர்ந்துவிடும்.

மேடு பள்ளத்தில் மட்டும் குதித்தால் சென்சார் கப்ளர் தளர்ந்திருக்கும். அதன் கிளிப்பைக் கழற்றிப் பிளையரால் லேசாக அழுத்திவிட்டு மாட்டினால் போதும்.

குதிப்பு வேறு மாதிரியும் வரும். முள் சட்டென்று முக்கால் வரை போகும், ஒரு நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும், மறுபடி போகும். இது வயர் கோளாறு இல்லை. கூலண்டில் காற்று அடைத்திருக்கிறது. ஆம்னியில் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குழாய் தூரம் அதிகம் என்பதால் தண்ணீர் மாற்றியபின் காற்று எளிதில் தங்கிவிடும். எல்பிஜி கிட் போட்ட வண்டியில் இன்னும் அதிகம். அந்தக் கிட்டின் வேப்பரைசரை (எல்பிஜியை வாயுவாக்கும் பாகம்) சூடேற்ற கூலண்ட் ஹோஸிலிருந்து 'T' வடிவ இணைப்பு போட்டுக் கிளை எடுத்திருப்பார்கள், அந்தக் கிளையின் உயரமான இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து, குமிழி வருவது நிற்கும் வரை தண்ணீர் ஊற்றி, ஹோஸ்களை அழுத்தி அழுத்தி விட்டு, கூலண்ட் பொங்கத் தொடங்கும் முன் மூடிவிடுங்கள். முன் சக்கரங்கள் சற்று மேடான இடத்தில் நின்றால் காற்று சுலபமாக வெளியேறும். எத்தனை முறை செய்தாலும் குமிழி நிற்கவே இல்லை என்றால் அது காற்று இல்லை, எரிந்த வாயு. ஹெட் கேஸ்கெட் கசிகிறது.

டெம்பரேச்சர், ஃபியூயல் இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பு

சென்சார் இரண்டும் ஒரே நாளில் போகாது. இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், மீட்டர் போர்டு எர்த், பின்னால் உள்ள பிரிண்டட் சர்க்யூட் ஷீட், சில பழைய மீட்டர்களில் உள்ளே இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டுமே அதிகமாகக் காட்டினால் ரெகுலேட்டர் அல்லது எர்த். இரண்டுமே செத்துக் கிடந்தால் ஃபியூஸ் அல்லது கப்ளர்.

எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே, அல்லது குறைவாகவே காட்டுகிறது

சென்சார் மாற்றிய பிறகு இப்படி ஆனதா? அப்படியென்றால் வேறு மாடலின் சென்சாரை மாட்டியிருக்கிறார்கள். மரை ஒன்றாக இருக்கும், உள்ளே தடைக் கணக்கு வேறாக இருக்கும். கவுண்டரில் "எல்லாத்துக்கும் சேரும்" என்பார்கள். சேரும், திருகுவதற்கு.

பழைய சென்சாரைச் சோதிக்க அடுப்பு போதும். சென்சாரைக் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மரை வரை முங்கும்படி, பாத்திரத்தின் அடியில் தொடாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரில் வயர் மாட்டும் முனையில், மறுமுனை பித்தளை உடம்பில். தெர்மாமீட்டரும் தண்ணீரிலேயே இருக்கட்டும். சுசுகியின் இந்த ரக ஒரு வயர் சென்சாரில் 80 டிகிரியில் 50 ஓம் பக்கம், 100 டிகிரியில் 27, 28 ஓம் பக்கம் வர வேண்டும். சூடு ஏற ஏற ஓம்ஸ் சீராக இறங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நடுவில் எகிறினாலோ நின்றுவிட்டாலோ சென்சாரைத் தூக்கிப் போடலாம். தெர்மாமீட்டர் இல்லாமல் "கொதிக்கிறது, அதனால் 100" என்று கணக்குப் போடுபவர்கள் ஊட்டியில் இருந்தால் கவனம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

மீட்டர் சரி, வண்டிதான் சூடாகிறது

ட்ராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் ஓடவில்லை: மோட்டார், ரிலே, சுவிட்ச் மூன்றில் ஒன்று. முதலில் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். நேர்மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி ஏற்றத்திலோ மட்டும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பெல்ட் நழுவல், அல்லது தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை. ஏற்றத்தில் முள் ஏறினால் ஓரங்கட்டி, ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேன் சுற்றவில்லை, தண்ணீர் கசிகிறது, அல்லது முள் இன்னும் ஏறுகிறது என்றால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

சென்சார் மாற்றும்போது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மறுபடி மூடிவிடுங்கள். மூடியிருந்தால் சென்சாரை எடுக்கும்போது தண்ணீர் குறைவாகத்தான் கொட்டும். புதியதைக் கையில் வைத்துக்கொண்டே பழையதைக் கழற்றி உடனே மாட்டலாம். மரையில் டேப் சுற்ற வேண்டாம். அவசியம் என்றால் மரையில் மெல்லிய சீலண்ட் ஒரு தடவல் போதும். பித்தளை மரை அலுமினியத்தில் ஏறுவதால் முதல் நாலைந்து சுற்றைக் கையாலேயே திருகுங்கள், கடைசியில் ஸ்பேனரில் ஒரு சின்ன இழுப்பு. மரை பிய்ந்தால் இருநூறு ரூபாய் சென்சாருக்காக மேனிஃபோல்டையே கழற்ற வேண்டி வரும்.

காற்றை எடுத்துவிட்டு, முள் நடுவுக்கு வந்ததும் கறுப்பு டேப்பில் தெர்மாமீட்டரை ஒருமுறை அடித்து, அந்த டிகிரிக்கு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். டேப்பை எடுக்க வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.